ஊமைப் படம்

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன் என்பதால் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் மூன்று. பிரிண்டர் ஏன் வேலை செய்யவில்லை, பையனை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம், வீட்டு வீடியோவை வெட்டி ஒட்ட எந்த சாஃப்ட்வேர் நல்லது. முதல் இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியாது; ஆனாலும் சொல்லிவிடுவேன். மூன்றாவதற்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வராது.

போன மாதம் கோட்டாறில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்து நிற்கும்போது சித்தப்பா மகன் கேட்டான். செல்போனில் இரண்டாயிரம் வீடியோ சேர்ந்து கிடக்கிறதாம். எல்லாவற்றையும் சேர்த்து அழகாக ஒரு படம் மாதிரி பண்ண வேண்டுமாம். "எது கொள்ளாம்ணே?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் இலை போட்டுவிட்டார்கள். ஏத்தங்காய் உப்பேரியும் இஞ்சிப் பச்சடியும் விளம்பிக்கொண்டு வந்தார்கள். தப்பித்தேன். அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

2003இல் அத்தான் தம்மாமிலிருந்து லீவுக்கு வந்தார். பெட்டியில் கோடாலித் தைலம், டாங்க் பொடி, புலிப்படம் போட்ட கம்பளி என்று எல்லா வளைகுடாப் பெட்டிகளிலும் இருப்பவை இருந்தன. அவற்றுக்கு அடியில் துண்டில் சுற்றி ஒரு சோனி ஹேண்டிகேம். கூடவே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக எட்டுக் கேசட்டுகள். மினி டிவி என்று பெயர். இந்த டிவி தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம் என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

கேமரா எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். சென்னையிலிருந்து நான் வந்து சேருவதற்குள் அது அப்பா கையில் ஒட்டிக்கொண்டது. பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் கால்வாய்க்கரைகளில் நடந்துவிட்டு, 2001இல் ஓய்வு பெற்று, பூதப்பாண்டி பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் அவர். அதுவரை ஒரு ஃபோட்டோகூட எடுத்ததில்லை. ஆனால் ஒரு வாரத்தில் பேட்டரியைக் கழற்றவும் மாட்டவும் கேசட்டைச் சுற்றவும் பழகிவிட்டார். மதகுச் சக்கரத்தைத் திருப்பிய கை என்பதால் எல்லாவற்றையும் கொஞ்சம் அழுத்தித்தான் திருப்புவார்.

அவர் எடுத்த படங்களில் ஒரு விசேஷம் உண்டு. பேசிக்கொண்டே எடுப்பார். திருநெல்வேலி வானொலியை வருடக்கணக்காகக் கேட்ட தோரணையில் முதலில் நேரம் அறிவிப்பார். "மணி காலைல ஒம்பதே முக்கால். நாம இப்போ மாத்தூர் தொட்டிப்பாலத்துல நிக்கோம். தூணு இருவத்தெட்டு. ஒயரம் நூத்திப் பதினஞ்சு அடி. கீழ ஓடுகது பறளியாறு. மேல தொட்டியில போறது பட்டணங்கால் வெள்ளம். ஆத்துக்கு மேல ஆறு போறத வேற எங்க பாப்பிய?" இப்படித் தொடங்கினால் நிற்காது. பேச்சிப்பாறைக்குப் போனால், அணை வேலை தொடங்கியது 1897, முடிந்தது 1906, கட்டியவர் மிஞ்சின் துரை, நம்ம ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மூக்கன் துரை, அவரை அடக்கம் செய்ததும் இங்கேதான் என்று போகும். நடுவில் அம்மாவுக்கு உத்தரவு வரும்: "எளா, செத்த நவுந்து நில்லு." அக்காவின் பையனுக்கு அதட்டல் வரும். எதிரே வருகிற யாரோ ஒருவரிடம் இந்த வருடம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் எப்போது திறந்தார்கள் என்ற விசாரணையும் நடக்கும். அதுவரை கேமரா வானத்தையோ அவர் செருப்பையோ பார்த்துக்கொண்டிருக்கும்.

கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் அகஸ்தீஸ்வரத்தில் காரை நிறுத்தச் சொல்லி, ஒன்றுமே இல்லாத ஒரு தெருவை இரண்டு நிமிடம் எடுத்திருந்தார். "மலையாளத்துல மொத மொத படம் எடுத்தவரு இந்த ஊருக்காரருதான். ஜே.சி. டேனியலு. பல் டாக்டராட்டும் இருந்தாவ." காட்சியில் இருந்தது ஒரு மதில்சுவரும் ஒரு ஆடும். எடிட் செய்யும்போது நான் முதலில் வெட்டி எறிந்தது இதைத்தான்.

2004இல் சென்னையில் எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பெண்டியம் 4, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். ரிச்சி தெருவில் அலைந்து ஃபயர்வயர் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். அது இருந்தால்தான் கேசட்டில் உள்ளதைத் தரம் குறையாமல் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியும். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். முன்னால் உட்கார்ந்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் சாஃப்ட்வேர். வீடியோ பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. சாஃப்ட்வேர் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பு. அடோபி பிரீமியர், யூலீட் வீடியோ ஸ்டூடியோ, பினக்கிள் ஸ்டூடியோ எல்லாவற்றையும் நண்பர்களிடம் சிடியில் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். காசு கொடுத்து வாங்கியவை இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு ஒப்பிட்டேன். எதில் எத்தனை டிரான்சிஷன், எதில் எத்தனை எஃபெக்ட், எழுத்து எத்தனை விதமாகப் பறந்து வந்து விழும். நான் போட்ட கட்டங்கள் பதினேழு. அப்பா என்ன எடுத்திருக்கிறார் என்பதற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அக்காவின் கல்யாணக் கேசட்டிலிருந்துதான். 1994இல் எடுத்தது. அப்போதெல்லாம் எடிட்டிங் என்று யாரும் சொல்வதில்லை, 'மிக்சிங்' என்பார்கள். நல்ல மிக்சிங் என்றால் பொண்ணும் மாப்பிள்ளையும் இதயத்துக்குள் வருவார்கள், தாமரைப்பூ விரிந்து அதற்குள் தாலி கட்டுவார்கள், தாத்தாவின் முகம் சக்கரமாகச் சுற்றிப் பாட்டியின் முகமாக நிற்கும். மூன்று மணி நேரக் கேசட்டில் முதலிலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டு. நாதஸ்வரம் கேட்காது. கெட்டிமேளம் கேட்காது. கண் கூசும் வெளிச்சத்தில் எல்லோரும் வாயை அசைப்பார்கள், மேலே யாரோ பாடுவார்கள். வீடியோ என்றால் அதுதான் என்று நாங்கள் நம்பி வளர்ந்தோம். சத்தம் என்பது பாட்டைப் போட்டு மூட வேண்டிய ஒன்று. அதே 1994இல்தான் கமல்ஹாசனின் 'மகாநதி' அவிட் என்ற கணினி எடிட்டிங்கில் வெட்டப்பட்டு வந்தது. இந்தியாவில் அதுதான் முதல் என்பார்கள். நானும் கணினியில்தான் வெட்டினேன். ஆனால் என் குரு மிக்சிங் கடைதான்.

கடைசியில், விண்டோஸ் எக்ஸ்பியுடன் இலவசமாக வந்த மூவி மேக்கரில் வந்து நின்றேன். இதயமும் நட்சத்திரமும் பக்கம் புரள்வதும் அதிலேயே இருந்தன. வேறென்ன வேண்டும்?

அப்பாவின் குரலை என்ன செய்வது என்ற பிரச்சினை அப்போதுதான் வந்தது. இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். பாட்டுக்கு இடைஞ்சல் என்பதால் அடைத்தேன் என்று பல வருடம் சொல்லிவந்தேன். அது பாதிதான். ஒருநாள் அறைக்கு வந்த அலுவலக நண்பர்கள் இரண்டு பேர் நான் வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார்கள். திரையில் அப்பா அம்மாவிடம் ஏதோ சொன்னார். ஒருவன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "உங்க அப்பா என்ன மலையாளமா பேசறாரு?" நாஞ்சில் நாட்டுக்காரன் சென்னையில் ஆயிரம் முறை கேட்டிருக்கக்கூடிய கேள்வி. 1956 நவம்பர் 1ஆம் தேதியே நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம் என்று ஒரு பதிலைத் தயாராக வைத்திருப்பவன்தான் நான். அன்றைக்குச் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பெண் வீடு சென்னை. இந்தப் படத்தை அவர்களுக்கும் போட்டுக் காட்டுவார்கள். அப்பா "நிக்கோம்" என்பதும் "எளா" என்பதும் அந்த வரவேற்பறையில் எப்படி ஒலிக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

காட்சியின் மேல் வலது கிளிக் செய்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 'மியூட்' என்று ஒன்று. ஒரு துண்டுக்கு ஒரு சொடுக்கு. ஐம்பது, அறுபது துண்டு இருக்கும். ஒரே இரவில் முடித்துவிட்டேன்.

அடுத்தது இடப் பிரச்சினை. அந்த வகை வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். எட்டுக் கேசட்டுக்கு நூறு ஜிபிக்கு மேல் வேண்டும். என்னிடம் இருந்தது 80. அதனால் ஒவ்வொன்றாக ஏற்றி, வேண்டியதை வெட்டி எடுத்து, சிறிய கோப்பாக மாற்றிவிட்டு மூலத்தை அழித்தேன். அழித்துவிட்டு ஹார்ட் டிஸ்கில் இடம் காலியாவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருந்தது. அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன்: "எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுப்பா. கேசட்டுல ஏழ நான் வச்சுக்கிடுகேன், ஒண்ணு ஒங்களுக்கு. மேல மேல எடுத்துக்கலாம்." சிக்கனமான மனிதர். சரி என்றார்.

2006 பொங்கலுக்கு டிவிடியோடு ஊருக்குப் போனேன். ஐம்பத்திரண்டு நிமிடம். தொடக்கத்தில் எழுத்துகள் பறந்து வந்து விழும். முழுக்க இளையராஜா. மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். இதயத்துக்குள் அம்மா வந்தபோது கைதட்டினார்கள். படம் முடிந்ததும் நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொள்ளாம்," என்றார். "பாட்டு தெளிவாட்டு கேக்கு."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பத்துப் பிரதி எடுத்து விநியோகித்தேன். சம்பந்தி வீட்டுக்கும் ஒன்று போயிற்று.

எனக்குக் கல்யாணம் ஆகி, மகள் பிறந்ததும் கேமராவைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஏழு கேசட்டுகளைத் திரும்பச் சுற்றி, அவள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, தரையில் கிடந்த செய்தித்தாளைத் தின்றது எல்லாவற்றையும் அவற்றின் மேலேயே பதிவு செய்தேன். எட்டாவது கேசட்டில் அப்பா கடைசியாக எடுத்த சுசீந்திரம் தேரோட்டம் இருந்தது. அதை ஏனோ தொடவில்லை. நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. ஏழே போதுமாக இருந்தது, அவ்வளவுதான்.

2011இல் அப்பா போய்விட்டார்.

மறு வருடம் முதல் திவசத்துக்கு எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்து, பெண்கள் பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு வந்து பட்டாசாலையில் பாய் விரித்துக் கிடந்தார்கள். அக்காதான் சொன்னாள், அந்த டிவிடியைப் போடு என்று. போட்டேன். எழுத்துகள் பறந்து வந்தன. பேச்சிப்பாறை வந்தது. எல்லோரும் அப்போது எத்தனை ஒல்லியாக இருந்தோம் என்று பேசிக்கொண்டார்கள். அக்காவின் பையனுக்கு அப்போது பதினான்கு வயது. சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: "மாமா, இதுல தாத்தா எங்க?"

"தாத்தாதான் எடுத்தது" என்றேன்.

"அது செரி. எங்க இருக்கா?"

ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஒரு நொடிகூட அப்பா இல்லை. கேமராவைப் பிடித்தவர் அவர். ஒரு முறை வாங்கி அவரை எடுக்க வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒருமுறை அவருடைய நிழல் மட்டும் தொட்டிப்பாலத்துக் கைப்பிடிச் சுவரில் விழுந்திருக்கிறது, தொப்பியோடு. அதைக் காட்டினேன். பையன் தலையை ஆட்டினான்.

அப்போது மாத்தூர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் ஓர நடைபாதையில் அம்மா கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறாள். சட்டென்று நின்று திரும்புகிறாள். ஒரு நொடி ஒன்றும் புரியாத முகம். பிறகு சிரிப்பு வருகிறது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்கிறாள், தோள் குலுங்குகிறது, போங்க என்பதுபோல் கையை வீசுகிறாள், மறுபடியும் பார்த்து மறுபடியும் சிரிக்கிறாள். நான் அந்தக் காட்சியை மெதுவாக ஓடவிட்டு, பாட்டின் வயலினுக்குச் சரியாகப் பொருத்தியிருந்தேன். என் வேலையிலேயே நல்ல இடம் அதுதான் என்பது என் எண்ணம்.

"இதுல நிறுத்து" என்றாள் அம்மா.

நிறுத்தினேன்.

"இந்த எடத்துல அவரு என்னவோ சொன்னாரு. நான் சிரிக்கேன் பாரு. என்ன சொன்னாரு லே?"

"ஞாபகம் இல்லம்மா."

"பாட்டக் கொறச்சிட்டுப் போடு. கேக்கட்டும்."

எனக்குத் தெரியும். தெரிந்தும் ரிமோட்டை எடுத்துக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, சத்தத்தைக் குறைத்தேன். பாட்டு குறைந்தது. இன்னும் குறைத்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. திரையில் அம்மா திரும்பினாள், சிரித்தாள், கையை வீசினாள். பிறகு என்ன நினைத்தேனோ, சத்தத்தை முழுக்க ஏற்றினேன். பாட்டுதான் பெரிதாகக் கேட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா காதை டிவிப் பக்கம் சாய்த்துக்கொண்டு, பாட்டுக்குள் எங்காவது இருக்கும் என்பதுபோல் காத்திருந்தாள்.

அந்த வசனத்தை எடிட் செய்த நாட்களில் நான் இருபது முறையாவது கேட்டிருப்பேன். தொந்தரவாகக் கேட்டேன். அதனால் ஒரு சொல்லும் மனதில் தங்கவில்லை. தூண் இருபத்தெட்டு என்பது நினைவிருக்கிறது. அம்மா சிரித்தது எதற்கு என்பது இல்லை.

சென்னைக்குத் திரும்பியதும் பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். மூவி மேக்கரின் புராஜெக்ட் கோப்பு பத்திரமாக இருந்தது. அதன் அளவைப் பார்த்தபோதே வயிறு கலங்கியது. சில நூறு கேபிகூட இல்லை. திறந்தேன். வரிசையாக எல்லாத் துண்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. புராஜெக்ட் கோப்புக்குள் படம் இருக்காது. எந்தக் கோப்பில் எங்கே தொடங்கி எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிப்புகள்தான் இருக்கும். சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு அரிசியைக் கொட்டிவிட்டேன். எங்கள் தொழிலில் நேற்றுச் சேர்ந்த பையனுக்கும் தெரிந்த விஷயம் இது.

ஏழு கேசட்டுகளையும் ஓட்டிப் பார்த்தேன், ஓரத்திலாவது பழையது மிஞ்சியிருக்காதா என்று. மகள்தான் இருந்தாள். கேமராவுக்குப் பின்னால் என் குரல். "ஏ பிள்ளே, இங்க பாரு. அத வாயில வைக்காத கேட்டியா." பதினைந்து வருடச் சென்னைத் தமிழில் ஒரு துளிகூட அதில் இல்லை.

கடைசியாக எட்டாவதைப் போட்டேன். சுசீந்திரம், மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் எங்களுடையது. நாடாவில் பூசணம் பிடித்திருந்தது. படம் சதுரம் சதுரமாக உடைந்து உடைந்து வந்தது. சத்தம் பரவாயில்லை. கூட்டம், வேட்டு, தேர் வடம் பிடிக்கிறவர்களின் கூச்சல், பலூன்காரனின் ஊதல். நான் ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கோபுரம் திரையில் வந்தது. நூற்று முப்பத்துநாலு அடி என்று சொல்லாமல் அப்பா அந்தக் கோபுரத்தைக் கடந்து போனதே கிடையாது. வண்டியில் போனாலும் சொல்வார். கேமரா அடியிலிருந்து உச்சி வரை மெதுவாக ஏறியது, நின்றது, இறங்கியது.

ஒன்றும் சொல்லவில்லை.

தேர் வந்தது. அம்மா கும்பிட்டாள். "எளா, நவுந்து நில்லு" வரவில்லை. அம்மா மறைத்துக்கொண்டு நின்றாள். கேமரா தானாக நகர்ந்து பக்கத்தில் போய் நின்றது. நாற்பது நிமிடம். ஒரே ஓர் இருமல். அதுவும் வாயை வேறு பக்கம் திருப்பி இருமியதுபோல் தூரமாக. அட்டையில் தேதி எழுதியிருந்தார். நான் டிவிடி போட்டுக் காட்டியது பொங்கலுக்கு. இது அதே வருடத்து மார்கழி.

"பாட்டு தெளிவாட்டு கேக்கு" என்று அவர் சொன்னதன் பொருள் ஆறு வருடம் கழித்து அந்த ராத்திரிதான் எனக்குப் புரிந்தது. மனைவி எழுந்து வந்து என்ன என்று கேட்டாள். கேசட் பழுதாகிவிட்டது என்றேன்.

அடுத்த வருடம், 2013இல், 'செல்லுலாய்ட்' என்ற மலையாளப் படம் வந்தது. ஜே.சி. டேனியலின் கதை. நான் வெட்டி எறிந்த அந்த மதில்சுவரும் ஆடும் நினைவுக்கு வர, போய்ப் பார்த்தேன். சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற ஊமைப் படத்தை எடுத்து, திருவனந்தபுரத்தில் கேபிடல் தியேட்டரில் திரையிட்டு, எல்லாம் இழந்து, பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார் அவர். அந்தப் படத்தின் பிரதி இன்று ஒன்றும் இல்லை. படச்சுருளைச் சிறுவயதில் தீயிட்டுக் கொளுத்தியது தான்தான் என்று அவருடைய மகன் ஒப்புக்கொள்வதாக 'செல்லுலாய்ட்' முடிகிறது. நான் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லாததற்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எடுத்த இன்னொரு ஊமைப் படமும் உண்டு. நாகர்கோவில் ராஜேஸ்வரி ஃபிலிம்ஸின் 'மார்த்தாண்ட வர்மா', 1933. அதற்கு மூலமான நாவலின் உரிமை யாருக்கு என்ற வழக்கில் படத்தைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். எடுத்தவருக்குப் பெரிய நஷ்டம். ஆனால் அப்படிப் பூட்டிக் கிடந்ததால்தான் படம் பிழைத்தது. 1974இல் கண்டெடுத்து இப்போது புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வீட்டில் இருந்தது போயிற்று, வழக்கில் மாட்டியது தப்பியது. என் வீட்டிலும் நான் அக்கறை காட்டாத கேசட் ஒன்றுதான் மிஞ்சியது.

இவ்வளவுக்குப் பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். 2020 ஊரடங்கில் மறுபடியும் சாஃப்ட்வேர் தேட ஆரம்பித்தேன். டிவிடியில் இருப்பதையாவது நல்ல தரத்தில் மீட்கலாம் என்ற சாக்கு. மூவி மேக்கரை 2017 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருந்தது. டாவின்சி ரிசால்வ் இருந்தது. ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்கள் மட்டும் வாங்க முடிந்த பொருள். 2009இல் ஆஸ்திரேலிய நிறுவனமான பிளாக்மேஜிக் வாங்கி, 2011இல் ஓர் இலவசப் பதிப்பை விட்டது. அதற்கு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார்கள், வாங்கினேன். கெடன்லைவ், ஓப்பன்ஷாட், ஷாட்கட் என்று இலவசமானவை எல்லாவற்றையும் போட்டேன். நோட்டில் மறுபடி கட்டங்கள். இரண்டு மாதம் பாடம் சொல்லும் வீடியோக்களைப் பார்த்தேன். அகலத் திரைக்குப் பொருந்தட்டும் என்று இழுத்துவிட்டதில் எல்லோரும் ஒரு சுற்றுப் பருத்தார்கள். மாத்தூர் காட்சியில் தூண்கள்கூடப் பருத்தன. நிறத்தைத் திருத்தினேன். கோடு கோடாகத் தெரிந்ததைச் சரிசெய்தேன். அப்பாவின் பக்கம் மட்டும் ஒன்றும் செய்வதற்கில்லை. அது தெரிந்துதான் மற்றதை எல்லாம் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

உருப்படியாக ஒன்றைச் செய்தவன் அக்காவின் பையன். அவனும் கம்ப்யூட்டர்தான் படித்தான். பாட்டிலிருந்து குரலையும் இசையையும் பிரிக்கிற ஸ்பிளீட்டர் என்ற ஒன்றை டீசர் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2019இல் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தது. அவன் டிவிடியின் சத்தத்தைத் துண்டு துண்டாக அதில் போட்டுப் பார்த்திருக்கிறான். பாடகரின் குரல்தான் மீண்டும் மீண்டும் வந்தது. பேச்சிப்பாறையில் மட்டும், பாடகர் நிறுத்தி வயலின் மட்டும் ஓடுகிற ஓர் இடத்தில், அடியில் ஏதோ இருந்தது. அந்த ஒரு துண்டில் நான் 'மியூட்' போடுவதற்குப் பதில் தூக்கத்தில் பக்கத்திலிருந்த 'வால்யூம்' என்பதைத் தொட்டு, சத்தத்தைக் குறைத்ததோடு விட்டிருக்கிறேன். முழுக்க அடைக்கவில்லை.

ஒன்பது நொடி. குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் தகரமாக ஒரு குரல்: "...மூக்கன் தொரையிட்ட கேட்டாத் தெரியும். எளா, செத்த நவுந்து நில்லு, மதகு மறையுது."

அம்மாவுக்கு ஃபோனில் போட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "என்னய நவுரச் சொல்லதுக்குத்தான் அவருக்கு வாயி," என்றாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். அன்று ராத்திரி மட்டும் பதினொரு தடவை.

சித்தப்பா மகனுக்கு நேற்று ஷாட்கட் என்று மெசேஜ் அனுப்பினேன். இலவசம், சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். அதற்கு முன்னால் இரண்டாயிரம் வீடியோவையும் அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு யார் வீட்டிலாவது கொடுத்து வை என்றும் எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. செய்யமாட்டான்.

மாத்தூரில் அப்பா என்ன சொன்னார் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவிடம் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில். ஒருமுறை, தொட்டிக்குள் விழுந்தால் நேரே உன் அம்மை வீட்டு வயலில்தான் போய்க் கிடப்பாய் என்றாராம். இன்னொரு முறை, ஏதோ பழைய நடிகையின் பெயரைச் சொல்லி அவளைப் போல நட என்றாராம். போன பொங்கலுக்குக் கேட்டபோது அவர் ஒன்றுமே சொல்லவில்லை, செருப்பு வழுக்கிக் கேமராவோடு ஒரு ஆட்டம் ஆடினார், அதற்குத்தான் சிரித்தேன் என்றாள். காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கேமரா ஆடவில்லை.